தாளமும் சொல்லும் – 11: வாவிக்கரைக் களரி

சென்ற இதழில் நியூயோர்க்கின் புரோங்ஸ் பகுதியில் நின்றோம். 1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி, செட்ஜ்விக் அவெனியூ 1520ஆம் இலக்கக் குடியிருப்பின் பொது அறையில், யமேக்காவிலிருந்து குடியேறிய கூல் ஹேர்க் தன் சகோதரியின் விருந்துக்கு இசைத்தட்டு ஓட்டிய கதையைப் பார்த்தோம். பாட்டின் தாளப் பகுதியை மட்டும் நீட்டி நீட்டி ஓடவிட, அதன்மேல் ஆட்கள் பேசத் தொடங்க, அந்தப் பேச்சே ராப் ஆனது. கையில் காசில்லாத இளைஞர்களுக்கு நகரம் மேடை தரவில்லை. மேடையை அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

இந்த இதழில் மட்டக்களப்பு வாவிக்கரைக்கு வருகிறோம். இங்கே ஓர் உள்ளூர் ஹிப்ஹொப் குழு சொந்தக் காலில் எழுந்து நிற்க வேண்டுமானால் எந்த நிலத்தில் ஊன்றி நிற்கும்? யாருடைய பாட்டுக்கு அது வாரிசு? ராப் பாடும் பிள்ளைகளை ‘வெள்ளைக்காரன் பாட்டுப் பாடித் திரியிறானுகள்’ என்று ஏசும் பெரியவர்களை ஊருக்கு ஊர் பார்க்கலாம். அந்த ஏச்சு நியாயமானதல்ல. தாளத்தின்மேல் சொல்லை ஏற்றி எதிராளியை மடக்குவதும், வட்டமாகக் கூடி நின்று கேட்பதும், ஊரே செலவைத் தாங்கி ஊரே மேடை போடுவதும் இந்த வாவிக்கரையின் பழைய சொத்து. ஹிப்ஹொப் இங்கே விருந்தாளியாக வரவில்லை. உறவு தேடி வந்திருக்கிறது.

இரண்டு சேரி

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் காடுமாய் விரிவது படுவான்கரை. இரு கரையிலும் கண்ணகை அம்மன் கோயில்கள் நிறைய. வைகாசியில் கதவு திறந்துவிட்டால் ஊர் முழுக்க அங்கேதான். வழக்குரை படிப்பதும் குளிர்த்தி பாடுவதும் அந்தச் சடங்கின் உயிர்நாடி. அந்த வழிபாட்டை ஒட்டி வளர்ந்த விளையாட்டுத்தான் கொம்புமுறி.

ஊர் வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம், தென்சேரி கண்ணகி பக்கம். உறுதியான மரத்தில் வளைவாக எடுத்த இரண்டு கொம்புகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, இரு பக்கத்தாரும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றவர்கள். செண்பகப் பூப் பறிக்கப்போன கோவலனும் கண்ணகியும் வீசிய கொக்கைகள் சிக்கிக்கொண்டதிலிருந்து இது தொடங்கியது என்று ஊர்க்கதை சொல்லும். சிங்கள மக்கள் பத்தினித் தெய்வத்துக்காக நடத்தும் அங்கெலியவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது.

நம் தொடருக்கு வேண்டியது இழுப்பைச் சுற்றி எழும் பாட்டு. வென்ற சேரி தோற்ற சேரியைப் பார்த்து வசை பாடும். எதிர்ச் சேரியின் வீரம், ஊர்ப் பெருமை, கொம்பின் தரம் எல்லாம் அந்தப் பாட்டில் கிழிபடும். தோற்றவர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். மற்ற நாளில் அப்படி ஒரு சொல் சொன்னால் வெட்டுக்குத்து வரும். அன்றைக்கு அது தெய்வத்தின் பேரால் அனுமதிக்கப்பட்ட சொல். மழை பொய்த்தாலோ கொள்ளைநோய் வந்தாலோ அம்மனைக் குளிர்விக்க ஆடிய ஆட்டம் அது. ஊருக்குள் புகைந்துகொண்டிருந்த பகை வாய்வழியாக வெளியேறி, மறுநாள் அதே ஆட்கள் ஒன்றாக வயலில் இறங்க அது வழிசெய்தது. நியூயோர்க்கில் இரண்டு ராப் பாடகர்கள் நேருக்குநேர் நின்று சொல்லால் மோதி, கூட்டம் வெற்றி தோல்வி சொல்லும் போட்டிக்கும் இதே வேலைதான். கத்தியால் தீர்க்க இருந்ததை நாவால் தீர்த்துக்கொள்வது.

வாவியின் தெற்கு முனையைத் தாண்டி கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று போனால், முஸ்லிம் ஊர்களில் கவி இருக்கிறது. நான்கே அடி. ஆண் ஒரு கவியில் கேட்பான். பெண் அதே சந்தத்தில் திருப்பிக் கொடுப்பாள். காதல், ஏமாற்றம், வறுமை, மாமியார் கொடுமை என்று எதையும் நாலடிக்குள் அடக்கிவிடுவார்கள். இயற்றியவர் பெயர் பெரும்பாலும் தெரியாது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களின் நாவில் சந்தம் பிசகாமல் அவை தலைமுறை தாண்டி வந்திருக்கின்றன.

இப்படியான ஊர்ப் பாட்டுகளை ஏட்டில் ஏற்ற முயன்றவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். தி. சதாசிவ ஐயர் மட்டக்களப்பின் வசந்தன் பாடல்களைத் திரட்டி 1940இல் வசந்தன் கவித்திரட்டாக வெளியிட்டார். பண்டிதர் வீ.சீ. கந்தையாவின் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ 1964இல் வந்தது. அவர்கள் தொகுத்தது முடிந்துபோன ஒரு மரபின் எச்சத்தை என்று எண்ணிவிடக் கூடாது. பாடிக்கொண்டிருந்த சனத்தின் வாயிலிருந்துதான் எடுத்தார்கள்.

வட்டக்களரி

இனிக் கூத்து. வடமோடி, தென்மோடி என்ற இருவகைக் கூத்தும் மட்டக்களப்பின் அடையாளம் என்பது எல்லோரும் அறிந்தது. ஒரு கூத்துக்குழு எப்படி உருவாகிறது என்பதை நெருங்கிப் பார்த்தால், ஒரு ஹிப்ஹொப் குழு எழுவதற்கான படிகள் அப்படியே அங்கே கிடப்பது தெரியும்.

முதலில் ஊர் கூடும். இந்த வருடம் எந்தக் கதை என்று பேசும். கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் குரலும் ஆள்வாகும் பார்த்து இன்னாருக்கு இன்ன வேடம் என்று தெரிவார். நல்ல நாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார்கள். சட்டம் என்பது அந்தந்தக் கூத்தர் பாட வேண்டிய பாட்டும் வசனமும் எழுதிய பிரதி. அதை வாங்கியவர் இனி பின்வாங்க முடியாது. அதன்பிறகு மாதக்கணக்கில் இராப் பழக்கம். பகலெல்லாம் வயலிலோ வாவியிலோ முறிந்தவர்கள், சோற்றைத் தின்றுவிட்டு ஆடுகளமான களரிக்கு வருவார்கள்.

அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். தாளக்கட்டை முதலில் வாயால் சொல்வார். ‘தா தெய்யத் தா’ என்று அவர் சொல்ல, பழகுபவர் திருப்பிச் சொல்ல வேண்டும். வாயில் பிசகினால் காலில் சரிவராது என்பது அவர் கணக்கு. சொல் பிடிபட்ட பிறகு கால் அதைத் தேடிப் போகும். மத்தளம் முன்னே தள்ள, கூத்தர் பாட்டின் ஓரடியைப் பாட, பக்கப்பாட்டுக்காரர் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். அந்த இடைவெளியில்தான் கூத்தர் மூச்சு வாங்கி ஆடுவார். ராப் பாடுபவர் ஒருவர் அடி விட, பின்னால் நிற்பவர் அடியின் கடைசிச் சொல்லைத் தாங்கிப் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூச்சுக்கும் தாளத்துக்கும் நடக்கும் அதே பேரம்தான் இது.

களரி வட்டமானது. நாலு பக்கமும் சனம். கூத்தருக்கு முன், பின் என்று ஒரு திசை இல்லை. சுற்றிச் சுற்றி ஆடி எல்லாப் பக்கத்துக்கும் முகம் கொடுக்க வேண்டும். பாட்டை மறந்தால், தாளம் தவறினால் ஒளிந்துகொள்ளத் திரை கிடையாது. ஹிப்ஹொப்காரர்கள் தெருமுனையில் வட்டமாக நின்று ஒருவர் மாற்றி ஒருவர் பாடும் வழக்கத்துக்கும் அடிப்படை இந்த வட்டம்தான். கேட்பவர் முகம் பாடுபவருக்குத் தெரியும் தூரத்தில் இருக்க வேண்டும்.

காசுக் கணக்கும் ஊருக்குத் தெரிந்தது. உடுப்புக்கும் முடிக்கும் விளக்குக்கும் ஆன செலவைக் கூத்தரும் ஊரவரும் பகிர்ந்துகொள்வார்கள். விடியவிடிய நடக்கும் அரங்கேற்றத்துக்கு அனுமதிச்சீட்டுக் கிடையாது. முதலாளி கிடையாது. சுயாதீன இசை என்று நாம் இன்று பெரிய சொல்லாகச் சொல்வதை, கன்னன்குடாவும் முனைக்காடும் சீலாமுனையும் வந்தாறுமூலையும் பெயர் வைக்காமலே செய்துவந்தன.

பைலாவும் பொப்பும்

ஈழத்துப் பாட்டுக்கு ஒரு தனித்தன்மை உண்டு. தமிழ்நாட்டில் பாட்டு என்றால் சினிமா. பாட வந்தவன் கடைசியில் கோடம்பாக்கத்தின் கதவைத் தட்டியே ஆக வேண்டும். இலங்கைத் தமிழருக்கு அப்படி ஒரு சினிமாத் தொழில் வளரவில்லை. அது குறைதான். ஆனால் அந்தக் குறையால்தான் இங்கே பாட்டு வானொலியிலும் மேடையிலும் கல்யாண வீட்டிலும் பின்னர் கசட்டிலும் தன் வழியைத் தானே தேடிக்கொண்டது.

மட்டக்களப்பில் அந்த வழி போர்த்துக்கேய வம்சாவளிப் பறங்கியர் வீட்டுக் கல்யாணங்களையும் தொட்டுச் செல்கிறது. ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்துப் போர்த்துக்கேயரின் ஆட்சியை முடித்தார்கள். ஆட்சி போனாலும் பாட்டுப் போகவில்லை. அவர்கள் வழிவந்தவர்கள் தங்கள் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியையும் வயலினோடும் கிற்றாரோடும் ஆடும் கஃப்றிஞ்ஞாவையும் மட்டக்களப்பில் காத்துவந்தார்கள். கஃப்றிஞ்ஞாவின் துள்ளல்தான் பைலாவின் அடித்தளம். 1940களில் பொலிஸ் உத்தியோகத்தரான வொலி பஸ்தியன் பைலாவைச் சிங்கள மேடைக்குக் கொண்டுவந்தார். வாத பைலா என்ற போட்டியில் இரண்டு பாடகர்கள் கொடுத்த தலைப்பில், அந்த இடத்திலேயே அடி கட்டி, ஒருவரை ஒருவர் மடக்க வேண்டும். இதுவும் சொற்போரே.

அந்தத் துள்ளலில் 1970களின் தமிழ்ப் பொப்பிசை பிறந்தது. நித்தி கனகரத்தினம் ‘சின்ன மாமியே’ பாடினார். ஏ.ஈ. மனோகரன் ‘சுராங்கனி’யைத் தீவு முழுக்கப் பரப்பினார். ஊர்ப் பேச்சில், ஊர்க் கேலியில் அமைந்த பாட்டுகள் அவை. 1977இல் தமிழ்நாட்டுச் சினிமா ‘சுராங்கனி’யை எடுத்துக்கொண்டது. யார் யாரைத் தேடிப் போனார்கள் என்பதைக் கவனியுங்கள். பாட்டு முதலில் தன் ஊரில் வென்றது. சினிமா பிறகு வந்தது.

ஹிப்ஹொப்பிலும் இதே ஒழுங்கு திரும்ப வந்தது. மலேசியாவில் 1990களில் ‘பொயற்றிக் அமோ’வில் தொடங்கிய யோகி பி, நட்சத்திராவோடு சேர்ந்து 2006இல் ‘வல்லவன்’ தொகுப்பை வெளியிட்டார். அதே 2006இல் இலங்கையில் கிரிஷான் மகேசன் ‘ஏசியன் அவெனியூ’ என்ற தமிழ் ராப் தொகுப்பைத் தந்தார். கோயம்புத்தூரின் ஆதியும் ஜீவாவும் ‘ஹிப்ஹாப் தமிழா’ என்ற பெயரில் பாடியது 2011இல் பண்பலை வானொலி வழியாகவும் யூடியூப் வழியாகவும் பரவியது. 2012இல் தொகுப்பு வந்தது. அவர்கள் படங்களுக்கு இசையமைத்தது அதற்குப் பிறகுதான். கொழும்பில் பாடிவந்த ஏ.டி.கே. என்னும் ஆர்யன் தினேஷ் கனகரத்தினத்தை 2013இல் ‘கடல்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் பாட வைத்தார். இவர்கள் எல்லோரும் தங்கள் பேச்சில், தங்கள் வயதினருக்காக முதலில் பாடினார்கள்.

மட்டக்களப்பு இந்த ஓட்டத்தில் ஏன் பின்தங்கியது என்று கேட்பவர்கள் போர் நடந்த அந்த வருடங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். இரவு வெளியில் இறங்கினால் உயிருக்கு உத்தரவாதமில்லாத காலத்தில் விடியவிடிய நடக்கும் கூத்து எப்படி நடக்கும்? 1990 செப்ரெம்பரில் வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்து அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை கல்லடிக் கரையையும் நாவலடியையும் டச்பாரையும் வாரிக்கொண்டு போனது. டச்பாரில் பறங்கியர் சமூகம் தன் பாட்டுக்காரர் பரம்பரையோடு வாழ்ந்துவந்தது. கிழக்கில் போர் 2007 வரை நீடித்தது. களரி வெறிச்சோடிக் கிடந்தது ஆட்டக்காரரின் சோம்பலால் அல்ல.

யாருடைய களரி?

இவ்வளவு பெருமை பேசிவிட்டு அந்த மரபின் காயங்களை மூடி மறைத்தால் இந்தத் தொடரை எழுதும் தகுதி எனக்கு இல்லை. மரபுக் களரியில் பெண் வேடத்தையும் ஆணே கட்டினான். கவியில் ஆணை மடக்கிய பெண்ணுக்குக் களரியில் இடமில்லை. பறைமேளக் கூத்து என்ற அருமையான கலையைக் காத்துவந்தவர்கள் சாதியின் பேரால் ஒதுக்கப்பட்டார்கள். சாவு வீட்டுக்கும் கோயிலுக்கும் அவர்கள் மேளம் வேண்டும். சபையில் அவர்களுக்குச் சமமான ஆசனம் கிடையாது.

கூத்தை மீட்க வந்தவர்களுக்கும் இந்தக் கேள்வி எழுந்தது. 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘கர்ணன் போர்’, ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’ ஆகியவற்றை மேடையேற்றினார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார் மாணவருக்கு ஆட்டம் பழக்கினார். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களை முழுமையாக ஆராய்ந்து நூலாக்கினார். விடியவிடிய ஆடிய கூத்து ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருங்கிப் படச்சட்ட மேடையில் ஏறியது. ‘நாட்டுக்கூத்துத்தானே’ என்று முகம் சுளித்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். அது பெரிய வெற்றி.

2000களின் தொடக்கத்தில் சி. ஜெயசங்கர் வேறொரு கேள்வியோடு சீலாமுனைக்குப் போனார். கூத்தை ஊரிலிருந்து எடுத்து நாகரிகமாக்கிக் காட்டுவதை விட, ஊரவரே தங்கள் களரியில் உட்கார்ந்து, பெண்ணை இழிவாகச் சொல்லும் அடி இது, சாதியைத் தூக்கும் அடி இது என்று பேசி, தாங்களே மாற்றி எழுதினால் என்ன? ‘மூன்றாவது கண்’ குழுவினரோடு அவர் முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கம் அதுதான். எதை ஆடுவது, எதை மாற்றுவது என்ற முடிவு கூத்தர் கையிலேயே இருந்தது. இந்த இரண்டு வழியும் வேண்டும் என்பது என் எண்ணம். ஆனால் ஒரு ஹிப்ஹொப் குழு முதலில் படிக்க வேண்டிய பாடம் சீலாமுனையில்தான் இருக்கிறது.

அதைச் சென்னையில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ செய்து காட்டியது. இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்த அந்தக் குழு 2018 ஜனவரி 6ஆம் திகதி முதன்முதலாக மேடையேறியது. கானாவும் ராப்பும் பறையும் கிற்றாரும் ஒரே வரிசையில் நின்றன. அயோத்திதாசரின் ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற சிந்தனையிலிருந்து பெயர். ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் இசைவாணி அங்கே நிமிர்ந்து நின்று பாடினார். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். பழைய சரக்கை அப்படியே எடுத்துப் பாடாமல், யாரை விலக்கியிருந்தோம் என்று கேட்டு, கதவைத் திறந்த பிறகே அவர்கள் பாடினார்கள்.

அந்தக் குழுவில் பாடிய அறிவு, தீயோடு சேர்ந்து 2021இல் தந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’யின் வேர் நம் தீவில்தான் இருக்கிறது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, நாடு திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து எழுந்த பாட்டு அது. உலகமே கேட்டது. ஆனால் அந்தப் பாட்டால் தங்களுக்கு ஒரு ரூபாவும் வந்து சேரவில்லை என்று 2024இல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் பகிரங்கமாகச் சொன்னார். பாட்டு எத்தனை கோடிப் பேரைச் சென்றடைந்தாலும், கணக்குப் புத்தகம் பாடியவர் கையில் இல்லையென்றால் சுயாதீனம் என்பது வெறும் பேச்சு. செலவையும் வரவையும் ஊர் முன்னே வைத்த கூத்துக் களரிக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது.

இனி

இன்றைக்குப் பாட்டுச் செய்ய ஒரு மடிக்கணினியும் ஓர் ஒலிவாங்கியும் ஒரு மூடிய அறையும் போதும். கருவி பிரச்சினையில்லை. எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் தாளத்தில் சொல் அடுக்கத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் சென்னைப் பேச்சைக் கடன் வாங்கிப் பாடுவதைக் கேட்டால் மனம் நோகிறது. ‘மறுகா’ என்றும் ‘என்னகா’ என்றும் ‘மனே’ என்றும் வீட்டில் பேசிவிட்டு, ஒலிவாங்கியின் முன் மட்டும் எதற்கு வேறு ஊர்க்காரன் ஆக வேண்டும்? புரோங்ஸ்காரன் தன் தெருப் பேச்சில் பாடியதால்தான் உலகம் திரும்பிப் பார்த்தது.

பெரியவர்களிடமும் ஒரு கோரிக்கை இருக்கிறது. கோயில் வண்ணக்கர்மாரே, பள்ளிவாசல் நிர்வாகிகளே, கல்லடியில் இயங்கும் சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்தின் ஆசிரியர்களே, ராப் பாடும் இந்தப் பிள்ளைகளை அண்ணாவியார்மாரோடும் கவி தெரிந்த மூதாட்டிகளோடும் ஒரு வட்டத்தில் உட்கார வையுங்கள். மத்தளத்தின் தாளக்கட்டு அவர்கள் கணினியில் ஏறட்டும். வடசேரி, தென்சேரி வசையின் வேகம் அவர்கள் அடியில் இறங்கட்டும். பெண்பிள்ளைகளும் பறைமேளக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் அந்த வட்டத்தின் முன்வரிசையில் இருக்கட்டும். காணாமல் போனவர்களைப் பற்றியும் கடல் கொண்டுபோனவர்களைப் பற்றியும் சொல்ல அவர்களுக்குச் சொல் இருக்கிறது. சொல்லவிட்டால் போதும்.

அப்படி ஒரு குழு எழும்பினால், அதன் முதல் பாட்டைச் சினிமாக்காரன் கேட்க வேண்டியதில்லை. கொக்கட்டிச்சோலையிலும் காத்தான்குடியிலும் கல்லடியிலும் உள்ளவர்கள் கேட்டு, ‘இது நம்மட பாட்டு’ என்று சொன்னால் அதுவே அரங்கேற்றம்.

(தொடரும்)

அடுத்த இதழில்: கோலாலம்பூரில் தமிழ் ராப் பேசத் தொடங்கிய கதை